ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு

மே 2, 2004, ஞாயிறு

ஜீப் வேலையை இன்று ஆரம்பித்தேன். எந்த வயரை எங்கிருந்து கழற்றினேன் என்பது மறந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த நோட்டு. தேயிலை ஃபாக்டரியில் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன். மோட்டாரைத் திறந்தாலும் சரி, ஸ்விட்ச் போர்டைத் திறந்தாலும் சரி, தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன்.

வண்டி 1951 மாடல். மஞ்சப்பாறை எஸ்டேட்டில் மானேஜர்கள் பலர் ஓட்டி ஓய்ந்து, ஐந்து வருஷத்துக்கு முன் ஏலத்தில் என்னிடம் வந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. கோளாறெல்லாம் கரண்டில்தான். ஆறு வோல்ட் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஒரு டைனமோ. தரையில் உள்ள பட்டனைக் காலால் மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். வெயில் நாளில் இரண்டாவது மிதியில் எடுக்கும். ஈரம் இறங்கினால் எடுக்காது.

எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றப் போகிறேன். புது வயரிங். பொறி கொடுக்கும் பகுதியும் புதிது.

என் மனைவி ஜெயசீலிக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. ஜூலை 28 என்று பொள்ளாச்சி டாக்டரம்மா குறித்துக் கொடுத்திருக்கிறார். ஜூனில் மழை பிடித்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

மே 5

பழைய வயர்களை உருவினேன். மேலே சுற்றியிருக்கும் நூல் கைபட்டதும் சாம்பலாக உதிர்கிறது. இத்தனை வருஷம் எங்கேயும் தீப்பிடிக்காமல் இருந்ததே ஆச்சரியம்.

மே 6

ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. சீலி எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பால் புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டும் பிளாஸ்திரி ஒரு சுருள் கொண்டுவந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "ஹெட்லைட், இடது" என்று சொன்னேன். "இடது கண்" என்று எழுதி வைத்திருக்கிறாள். ஹாரனுக்கு "அழுகை". திருத்தவில்லை. எனக்குப் புரிந்தால் போதும்.

மே 9, ஞாயிறு

சீலியின் அக்கா சுகந்தி பொள்ளாச்சியிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம்.

"ஏழு மாசம் ஆயிருச்சு. இப்பவே கீழ கொண்டாந்து விட்டுருங்க மச்சான். நாப்பது கொண்டை ஊசி வளைவு. கடைசி நேரத்துல வேண்டாம்" என்றாள்.

ஜூன் கடைசிக்குள் வண்டி ரெடியாகிவிடும் என்று சொன்னேன்.

"நான் வண்டியப் பத்திக் கேக்கல மச்சான்."

சீலியிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவள், "இருக்கட்டும்க்கா, இவருகூடவே வாரேன்" என்றாள். அவளே சொன்னதில் எனக்கு ஒரு தைரியம்.

மே 16, ஞாயிறு

நேற்று கோயம்புத்தூர் போய் வந்தேன். உக்கடம் பழைய சாமான் கடைகளில் நாள் முழுக்க அலைந்து, ஒரு சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் கிடைத்தது. டைனமோ இருந்த இடத்தில் இது உட்காரும். மெதுவாக ஓடினாலும் இது சார்ஜ் கொடுக்கும். டைனமோ கொடுக்காது. மலைப்பாதையில் அதுதான் பெரிய வித்தியாசம்.

இன்னொரு கடையில் எலக்ட்ரானிக் இக்னிஷன் செட். பழைய முறையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தொட்டுத் தொட்டு விலகும். அந்த விலகலில்தான் பொறி வரும். புள்ளிகள் தேய்ந்தாலோ நனைந்தாலோ வண்டி நின்றுவிடும். புதியதில் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை.

கடைக்காரர் ஜீப் வருஷத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, பழைய வண்டிக் கண்காட்சிக்குங்களா?" என்றார்.

"இல்லைங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அவர் நன்றாகப் பேப்பர் சுற்றிக் கொடுத்தார்.

மே 23, ஞாயிறு

ஆல்டர்னேட்டரை மாட்ட இரும்புப் பட்டையில் தாங்கி செய்தேன். பெல்ட் நேராக ஓட மூன்று வாஷர் வைக்க வேண்டியிருந்தது.

கொழுந்து லாரி ஓட்டும் மாடசாமி ஷெட்டுக்கு வந்து நின்று பார்த்தான். "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு? ஒரு குரல் குடுத்தா லாரிய எடுத்துட்டு வந்துர மாட்டேனா?" என்றான்.

போன தடவையும் லாரிதான் வந்தது.

பல்புகள் எல்லாம் பன்னிரண்டு வோல்ட். ஹெட்லைட் இரண்டு, பின்னால் இரண்டு, டேஷ்போர்டில் ஒன்று.

மே 30

ஃபியூஸ் பெட்டி வைத்தேன். பழைய வயரிங்கில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை.

ஜூன் 4

மழை பிடித்துவிட்டது. ஷெட் கூரையில் விழும் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை.

பெட்ரோல் முள் ஆறு வோல்ட்டுக்கு உள்ளது. நேராகக் கொடுத்தால் கருகிவிடும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆறு வோல்ட்தான், ஆனால் ஓரிரண்டு நொடிக்குத் தாங்கும் என்கிறார்கள். கண்ணாடி துடைக்கக் கரண்டில் ஓடும் வைப்பரும் போட்டாகிவிட்டது.

சீலி ஷெட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள். களைப்பாக இருக்கும். உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். போகவில்லை.

ஜூன் 8

எஸ்டேட் டிஸ்பென்சரியில் அன்னக்குட்டி சிஸ்டர் பரிசோதித்தார். பிரஷர் சரி, எடை சரி. குழந்தையின் இதயத் துடிப்பை இரண்டு முறை கேட்டாராம். சீலிதான் இன்னொரு முறை கேட்கச் சொன்னாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர் வாசலுக்கு வந்து, "உள்ளே வந்து நீங்களும் கேட்கலாமே நாயகம்" என்றார். கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, ஞாயிறு

சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், துரு பிடித்த இடங்களைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

ஜூன் 18

காயில், எலக்ட்ரானிக் இக்னிஷன், பிளக் வயர்கள், எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டேன். மழைத் தண்ணீர் நேராகக் கொட்டினாலும் உள்ளே போகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டியதுதான்.

ஜூன் 20, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 21

ஷெட்டுக்குப் போகவில்லை.

ஜூன் 22

ஃபாக்டரியில் டிரையர் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் மாற்றினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. சீலி சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 23

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். வேலை நோட்டில் எழுத வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் எனக்கு வேறு நோட்டு கிடையாது.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். நல்ல மழை. சீலி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பிவிட்டுப் பட்டனை மிதித்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்ப மிதித்தேன். டிக். பேட்டரி புதியது, முழுச் சார்ஜ். எல்லா இணைப்பையும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. மிதித்துக்கொண்டே இருந்தேன். பாதம் வலித்தது, நிறுத்தவில்லை. ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருக்கிறேன். தகரத்தில் பட்டு விழுந்த சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"போதும்ங்க. விடுங்க" என்றாள் சீலி.

"அன்னைக்கும் இப்படித்தான் சீலி. ஒரு மணி நேரம் மிதிச்சேன். எடுத்திருந்தா..."

இரண்டு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. 2002 அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு எட்டு மாதம். காலையில் வலி கண்டது. மழையில் வண்டி எடுக்கவில்லை. கடைசியில் மாடசாமி லாரியில் தேயிலை மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கீழே கொண்டுபோனோம். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை.

"எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"புதன்கிழமையே அசைவு நின்னுபோச்சுங்க. தீபாவளி வருதுன்னு காப்பகத்துல இன்னொரு ஆயா லீவு. பதினேழு பிள்ளைக, நான் ஒருத்தி. தூங்குதுன்னு நெனச்சேன். வியாழக்கிழமையும் அசையல. எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. பயத்துல யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நெசமாயிருமோன்னு இருந்துச்சு."

மழை சத்தத்தில் நான் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"கீழ டாக்டரம்மா சொன்னாங்க, ரெண்டு நாள் ஆயிருச்சும்மான்னு. நீங்க அப்ப ரத்தம் வாங்கப் போயிருந்தீங்க. வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க உள்ள வந்து மொத வார்த்தையா, வண்டி எடுத்திருந்தா பொழைச்சிருக்கும்னு சொல்லி அழுதீங்க. நான் வாய மூடிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் மூடிக்கிட்டேன். நீங்க இந்த வண்டிக்குக் கீழ படுத்துக் கெடக்கிறதப் பாக்கிறப்பல்லாம், நான்தான் உங்களத் தள்ளி விட்ட மாதிரி இருக்கும்."

நான் ஷெட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். மழையில் ஃபாக்டரி வரைக்கும் நடந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையை இங்கே எழுதுகிறேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இருபது மாதமாக நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்று புரிந்தது. அன்றைக்குத்தான் அவளிடம் வந்தது என்றும் இல்லை. முதலிலிருந்தே அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்கே அது தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் பேச முடியவில்லை.

இன்று சாயங்காலம் நேராகக் காப்பகத்துக்குப் போனேன். பிள்ளைகளை எல்லாம் தாய்மார்கள் கூட்டிப்போய்விட்டார்கள். சீலி தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உன்னத் திட்டியிருப்பேனோ என்னவோ, தெரியல" என்றேன்.

"இப்பத் திட்டுங்க."

"வரல."

அவள் அழுதாள். நான் இன்னொரு துணியை எடுத்து மடித்தேன். எனக்கு மடிக்க வரவில்லை, அவள் வாங்கித் திரும்ப மடித்தாள். பிறகு கேட்டேன், "இப்ப அசையுதா?"

என் கையைப் பிடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே இருந்து ஒரு இடி. முழங்காலோ குதிகாலோ.

இந்த எட்டு மாதத்தில் நான் கை வைத்துப் பார்த்தது இன்றுதான். கிரீஸ் கை, கிரீஸ் கை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 24

காலையில் ஒரு மணி நேரத்தில் பதினொரு அசைவு. சாயங்காலம் பதினான்கு. அசைவை எண்ணிக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். பத்துக்குக் குறைந்தால் உடனே வர வேண்டுமாம்.

ஜூன் 25

காலை 12. சாயங்காலம் 10. பத்து என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. சீலி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் ஆறு.

ஜூன் 27, ஞாயிறு

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் வெட்கம். பேட்டரியின் எர்த் வயரைச் சேஸிஸில் முறுக்கியிருந்தேன். அந்த இடத்தில் நானே அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். பெயின்ட் மேல் எர்த் கொடுத்தால் கரண்ட் எப்படிப் போகும்? விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றாது. ஃபாக்டரியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனை ஒரு வாரம் கேலி செய்திருப்பேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் திரும்ப முறுக்கினேன். மிதித்தேன். முதல் மிதியில் எடுத்தது. பழைய ஸ்டார்ட்டர் இவ்வளவு வேகமாகச் சுற்றி நான் பார்த்ததில்லை. ஹெட்லைட் போட்டதும் ஷெட்டின் எதிர்ச் சுவர் மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது.

சீலியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இப்பவே அக்கா வீட்டுக்குப் போயிரட்டுமா?" என்றாள்.

"வண்டிதான் ரெடியாயிருச்சே."

"எனக்குக் கீழ இருந்தாத்தான் தைரியமா இருக்கும். முன்னாடியே போகணும்னுதான் இருந்துச்சு. நான் போயிட்டா நீங்க இதுக்குக் கீழயே கெடப்பீங்கன்னுதான் இருந்தேன்."

இரண்டு மாதமாக அவளுக்காக நான் வண்டி பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூலை 3

டைமிங் சரி செய்தேன். எஸ்டேட் ரோட்டில் மூன்று சுற்று. நல்ல மழையில் ஒரு சுற்று வேண்டுமென்றே போனேன். நிற்கவில்லை. அசைவு 15, 12.

ஜூலை 11, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். சீலிக்குப் பின்னால் இரண்டு தலையணை. பெட்டி ஒன்று, பழைய சேலைகள் ஒரு மூட்டை. அன்னக்குட்டி சிஸ்டர் டிஸ்பென்சரி வாசலில் நின்று, "மெதுவா போகணும் கேட்டோ" என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார். மூடுபனியில் ஹெட்லைட் போட்டபடி வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள், நான் ஸ்டியரிங்கை.

அட்டகட்டியில் டீக்கடையைப் பார்த்ததும், "நிறுத்துங்க, டீ குடிக்கணும்" என்றாள். ஓரம் கட்டினேன். எஞ்சினை ஓடவிட்டே இறங்கினேன்.

"ஆஃப் பண்ணுங்க" என்றாள்.

"ஓடட்டும் சீலி. அஞ்சு நிமிஷம்தான."

"ஆஃப் பண்ணிட்டு வாங்க. நிம்மதியா உக்காந்து குடிப்போம்."

தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கையை நீட்டிச் சாவியைப் பிடித்தேன், திருப்ப மனம் வரவில்லை. அவள் இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பினேன். எஞ்சின் நின்றதும் மலை முழுக்க ஒரே அமைதி, எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டோம். அவள் இரண்டாவது வடையும் கேட்டாள். நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப ஏறி மிதித்தேன். எடுத்தது. அவள் கியரின் மேல் இருந்த என் கையின் மேல் கை வைத்தாள், அடுத்த வளைவு வரைக்கும்.

பத்தரைக்குச் சுகந்தி வீடு. அவள் கணவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுகந்தி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையை இறக்கி உள்ளே கூட்டிப்போனாள்.

ஜூலை 12

ஜீப்பை அங்கேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் மேலே வந்தேன். ஷெட் காலியாக இருக்கிறது. ஃபாக்டரி போனில் சீலியிடம் பேசினேன். காலை 13 என்றாள்.

ஜூலை 18, ஞாயிறு

பதினைந்து நாள் லீவில் கீழே வந்தாயிற்று. இங்கே வெயில். கொசு அதிகம்.

ஜூலை 22, வியாழன்

பெண் குழந்தை. மத்தியானம் இரண்டு நாற்பது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் சேயும் நலம்.

காலை ஒன்பதுக்கு வலி கண்டது. ஜீப்பை எடுக்க ஓடினேன். பக்கத்து மாவு மில்காரர் அதற்குக் குறுக்கே டெம்போவை நிறுத்திவிட்டு எங்கேயோ போயிருந்தார். தெருவில் போன ஆட்டோவைச் சுகந்தி கைதட்டிக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. வலியோடு வலியாகச் சீலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

உள்ளே இருந்து அழுகைச் சத்தம் கேட்டபோது நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன தடவை நான் எதிர்பார்த்து நின்று, வராமல் போன சத்தம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 23

காலையில் வார்டுக்கு ஒரு நர்ஸ் பேரேட்டோடு வந்தார். பிறப்புப் பதிவுக்கு விவரம் வேண்டுமாம். சீலி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொன்னேன். தகப்பன் பெயர், அருமைநாயகம். தாய் பெயர், ஜெயசீலி. ஊர், தொழில்.

"முதல் குழந்தைதானே?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் எழுதப் போனார்.

"இல்லம்மா. ரெண்டாவது" என்றேன்.

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "மூத்தது?"

"பையன்."

"அவனுக்கு என்ன வயசு?"

சீலி தலை நிமிர்ந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "பொறக்கும்போதே உயிரு இல்லம்மா. மேல எங்க எஸ்டேட் கல்லறைத் தோட்டத்துல இருக்கான்."

நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு "அதையும் எழுதணும்" என்று மெதுவாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் சீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தித் தூங்கிவிட்டிருந்தது. "மேல போனதும் இவள அவன்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்ங்க" என்றாள்.

"மொத ஞாயித்துக்கிழமையே போவோம்" என்றேன்.